மூன்று பெயருக்குக் கீழே

யேசு மரி சூசை

பலேர்மோ
11.02.2024

அன்புள்ள தம்பி அலோசியஸுக்கு அக்கா விமலராணி எழுதுவது.

இங்கு நானும் உன் அத்தானும் மகள் கிளறாவும் சுகம். நீயும் புனிதமலரும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போன் கைக்குள் இருக்க எதற்குக் கடிதம் என்று அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். போனில் கேட்டால் நீ, "ஓம் அக்கா, நல்லாயிருக்கிறன்" என்று சொல்லி, ஒரு பகிடியும் விட்டு மழுப்பிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. பள்ளிக்கூடக் காலத்தில் அம்மா போட்ட சட்டம் உனக்கு மறந்திராது. தாளின் தலைப்பில் யேசு மரி சூசை என்று எழுதினால் அதற்குக் கீழே பொய் எழுதக் கூடாது. போனுக்கு மேலே அந்த மூன்று பெயரையும் போட இடமில்லை.

விசயத்துக்கு வருகிறேன். நீ பேக்கரிப் பாண் வான் ஓட்டத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் வாங்கியிருக்கிறாயாம். புனிதம்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னா. ஏன் என்று கேட்டேன், வேறு கதைக்குப் போய்விட்டா. வான் ஓட்டியே பிரான்சில் வீடு வாங்கினவனுக்கு இந்த வயதில் சைக்கிள் எதற்கு?

எனக்குச் சைக்கிள் என்றாலே அப்பாவின் நினைவுதான். அப்பா கடலுக்கு நடுவால் போகிற மன்னார்த் தாம்போதியில் சைக்கிளோடு சரிந்து, முழங்கால் தண்ணீரில் போனவர். முழங்கால் தண்ணீரில் வளர்ந்த மனிதன் எப்படிச் சாகலாம்? தலைச்சுற்று என்றார்கள். அதோடு வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இங்கே வீதிகளைப் பார்த்தாலே எனக்குப் பயம். வுச்சீரியாச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் ஸ்கூற்றர்கள் மீன் பெட்டிக்கும் என் காலுக்கும் நடுவால் போகின்றன. நீ அங்கே கார்களுக்கு நடுவில் சைக்கிள் மிதிக்கிறாய் என்று நினைக்க நித்திரை வரவில்லை. மறைக்காமல் பதில் எழுது.

உன் முகம் காண ஆசையுள்ள அக்கா,
விமலராணி


யேசு மரி சூசை

குளுனி
02.03.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புனிதம் சுகம். அத்தானுக்கும் கிளறாவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

அக்கா, நான் சைக்கிள் ஓடுவது றோட்டில் இல்லை. இங்கே கார் வராத பாதை ஒன்று இருக்கிறது. பச்சைப் பாதை என்பார்கள். முந்தி ரயில் ஓடிய தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் தார் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சுற்றிவர மேடும் பள்ளமுமான நாடு, ஆனால் பாதை மட்டும் எங்கும் செங்குத்தாக ஏறாது, ரயிலுக்கு வெட்டியது அல்லவா. ஒரு பக்கம் முந்திரிகைத் தோட்டம், மறுபக்கம் வெள்ளை மாடுகள். றோட்டைக் கடக்கும் இடமெல்லாம் கட்டை நட்டிருக்கிறார்கள், கார் உள்ளே நுழைய ஏலாது. ஆரம்பத்தில் நான் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பழைய ஸ்ரேசன்கள் அப்படியே நிற்கின்றன. அங்கே மரவாங்கில் இருந்து பாணைக் கடித்துவிட்டு மீண்டும் மிதிப்பேன்.

இப்போது பேக்கரிக்குள்தான் வேலை. விடியற்புறம் பாதையால் போய்ப் பாதையால் வருகிறேன். வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு காரையும் சந்திக்காமல் போகலாம் என்றால் பலேர்மோவில் யார் நம்புவார்கள்?

ஆடியில் கிளறாவுக்கு விடுமுறைதானே. இங்கே அனுப்பிவிடுங்கள். குளுனியிலிருந்து வடக்கே ஷலோன் பக்கம், பிறகு தெற்கே மக்கோன் பக்கம் என்று ஆறுதலாக ஓடுவோம். வழியில் தேசே இருக்கிறது, உங்கள் கோயில் இளைஞர்கள் செபத்துக்கு வந்து போகிற இடம். பிள்ளை ஒரு முறையாவது பயமில்லாமல் சைக்கிள் ஓடட்டும்.

அன்புத் தம்பி,
அலோசியஸ்


பலேர்மோ
19.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். எல்லோரும் நல்ல சுகம்.

இன்று சூசையப்பர் திருநாள். நான் வேலை செய்கிற சிஞ்ஞோறா வீட்டில் சமையல், பலகாரம், விருந்தாளிகள் என்று இடுப்பு ஒடிந்துவிட்டது. குசினி மூலையில் இருந்து அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கிளறா படித்துவிட்டாள். அதுதான் வினை. அன்றிலிருந்து நிலத்தில் கால் படவில்லை. கடற்கரைப் புல்வெளியில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓடிப் பழகப் போகிறேன் என்கிறாள். நான் விடவில்லை. "அம்மா, எனக்குப் பதினேழு வயசு" என்கிறாள். பதினேழு வயதென்றால் என்ன, எலும்பு இரும்பாகிவிடுமா?

அவளுக்கு உடம்பு கொஞ்சம் இளக்கம். போன மாதம் பள்ளிக்கூட முற்றத்தில் வெயிலில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். வேறு ஒன்றுமில்லை. வெயில்தான். சாப்பிடாமல் போகிற பிள்ளை. அதனால் இந்த வருடம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பாதை பாதை என்கிறாயே, அதன் ஓரத்தில் தண்ணீர் இருக்கிறதா? நாய்கள்? ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் ஒன்று இருப்பதாகக் கிளறா போனில் படம் காட்டினாள். கார் இல்லாத பாதை என்று எழுதத் தெரிந்த உனக்குச் சுரங்கத்தை எழுதத் தெரியவில்லை. நடு இருட்டில் ஒருவர் விழுந்தால் யார் கண்டார்?

நீ புனிதம் சுகம் என்று எழுதினாய். நீ எப்படி?

அக்கா


குளுனி
14.04.2024

அன்பு அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். ஒரு குறையும் இல்லை. முதுகு நோவென்றுதான் வானை விட்டேன். சைக்கிள் ஓட ஓட நோவும் போய்விட்டது.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். நாய்கள் கட்டித்தான் வரும். வடக்கே ஒரு துண்டு கால்வாய் ஓரமாகப் போகும், அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு நடப்போம். சுரங்கம் தெற்கே மக்கோன் போகும் வழியில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வெளவால்கள் உறங்குவதற்காக அதைப் பூட்டிவைப்பார்கள், இப்போதுதான் திறக்கிற காலம். உள்ளே வெளிச்சம் போட்டிருக்கிறார்கள். கோடையில் போனால் குளிரூட்டிப் பெட்டிக்குள் போன மாதிரி இருக்கும்.

கிளறாவைக் கட்டாயம் அனுப்புங்கள். உடம்பு இளக்கமென்றால் அதற்காகவே அனுப்புங்கள். நான் இவ்வளவு வற்புறுத்தி உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை.

தம்பி


யேசு மரி சூசை

பலேர்மோ
12.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமில்லை. நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பயம். அத்தானும் கிளறாவும் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி. துறைமுகத்தில் நாப்போலிக்குப் போய்வரும் கப்பல்களைத் துடைத்துவிட்டு அலுத்துக் களைத்து வருகிற மனிதர், பிள்ளைக்காக என்றால் வக்கீல் மாதிரி வாதாடுகிறார். "விமலா, தாய்மாமன் வீட்டுக்குத்தானே போறாள்? ஏன் இப்பிடி நடுங்கிறீர்?" என்று கேட்டார். ரிக்கற் எடுத்தாகிவிட்டது.

கிளறா வருவாள். கேள். அவளை நித்திரை முழிக்க விடாதே. பட்டினி இருக்க விடாதே. தண்ணீர்க் கரையில் தனியே நிற்க விடாதே. குளிக்கும்போது கதவைப் பூட்டவேண்டாம் என்று புனிதத்திடம் சொல்லு. காரணம் கேட்காதே, தாய் என்றால் அப்படித்தான். சுரங்கத்துக்குள் அவளைக் கொண்டுபோகக் கூடாது. இது என் கட்டளை.

உன் ஏப்ரல் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனாலும் என்னவோ குறைகிற மாதிரி இருக்கிறது. என் மனம் அப்படி.

மாதா காவல்.

அக்கா


குளுனி
04.07.2024

அன்பான அம்மா,

நான் சுகம். மாமா சுகம். மாமி சுகம். நீங்கள் கடிதம்தான் எழுத வேண்டும் என்று சொன்னபடியால் எழுதுகிறேன், எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம்.

அம்மா, இந்த இடம் bellissimo, அவ்வளவு அழகு. பாதையில் கார் இல்லை, உண்மையாக ஒன்றுமே இல்லை. சூரியகாந்தி இப்போதுதான் பூக்கிறது. மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி எங்களைப் பார்க்கின்றன. ஒரு மேடு ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறிவிடுவோம், பிறகு திரும்பிப் பார்த்தால் ஊர் எல்லாம் கீழே இருக்கும்.

மாமா என் கழுத்தில் ஒரு விசில் கட்டிவிட்டார். அவருக்கும் ஒன்று. நான் முன்னுக்குப் போனால் மூன்று மரத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். கால்வாய் வந்தால் இரண்டு பேரும் இறங்கி, தண்ணீருக்கு எட்ட விலகி நடக்கிறோம். சின்னப் பிள்ளைகள் போகிறார்கள், நாங்கள் உருட்டுகிறோம். எனக்குச் சிரிப்பு.

நேற்று ஒரு பழைய ஸ்ரேசனில் மாமா கொஞ்சம் படுத்தார், களைப்பு. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் யோசிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு முத்தம்.

உங்கள் மகள்,
கிளறா


யேசு மரி சூசை

பலேர்மோ
14.07.2024

அலோசியஸ்,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

கிளறாவின் கடிதம் நேற்று வந்தது. எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் பழக்கியது, தாளை எடுத்தால் முதலில் மூன்று பெயர். பள்ளிக்கூடக் கொப்பியிலும் ரீச்சர் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவள். இந்தக் கடிதத்தில் மேலே வெறும் தாள். உடனே உன் ஏப்ரல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் வெறும் தாள். அதற்குக் கீழேதான் நீ, நான் நல்ல சுகம், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். மார்ச் மாதம் மூன்று பெயரையும் போட்டுவிட்டுப் புனிதம் சுகம் என்று மட்டும் எழுதினவன் நீ.

உனக்குப் போன் எடுத்தேன். "ஓம் அக்கா, நல்லாயிருக்கிறம்" என்று சிரித்தாய். புனிதத்துக்கு எடுத்தேன். "மச்சாள், என்னட்டை ஒண்டும் கேளாதேங்கோ, நான் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன்" என்றா. அதற்கு மேல் என்ன வேண்டும்? கிளறாவை உடனே திரும்பி வரச் சொன்னேன். "வரமாட்டன் அம்மா. மாமா எழுதுவார், பொறுங்கோ" என்றாள். என் பிள்ளை என்னோடு இப்படிக் கதைத்தது இதுதான் முதல் தரம்.

இன்று இந்த ஊரின் பாதுகாவலி சாந்தா றோசாலியாவின் பெருவிழா. ஊர் முழுக்க வீதியில் நிற்கிறது. நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். அவ என் பிள்ளையைக் காப்பாற்றித் தந்தால் வெறுங்காலோடு அவவின் மலைக்கோயிலுக்கு ஏறி வருவதாக நேர்ந்திருக்கிறேன்.

அந்த ஸ்ரேசனில் நீ ஏன் படுத்தாய்? அப்பா விழுந்த மாதிரி விழுந்தாயா? உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டேன். மூன்று பெயருக்குக் கீழே எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

விமலராணி


யேசு மரி சூசை

குளுனி
23.07.2024

அன்பு அக்காவுக்கு,

புனிதம் சுகம். கிளறா பக்கத்து அறையில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறாள். நான் சுகமில்லை.

எனக்கு வலிப்பு. இந்தச் சொல்லை எழுத இவ்வளவு மாதம் எடுத்தது. போன மார்கழியில் வான் ஓடும்போது வந்தது. கண் திறந்தபோது வான் ஒரு வேலியை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நின்றது. அந்த வேலிக்கு முன்னால் யாராவது நின்றிருந்தால் என்று நினைத்து இன்றைக்கும் இரவில் எழும்பிவிடுகிறேன். வாகனம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மருந்து எடுக்கிறேன். கார் வராத பாதை என்றபடியால்தான் டொக்டர் சைக்கிளுக்கு அரை மனதோடு தலையாட்டினா, அதுவும் ஹெல்மற்றோடு, தண்ணீர்க் கரையில் இறங்கி நடந்து.

கிளறா வந்த முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன். நான் விழுந்தால் பக்கவாட்டில் திருப்பு, தலைக்குக் கீழே உடுப்பு வை, வாய்க்குள் ஒன்றும் வைக்காதே, கனநேரம் போனால் ஆட்களைக் கூப்பிடு. ஸ்ரேசனில் அது வந்தது. பாதைக்கு நடுவிலேயே கிடந்தேனாம். அது றோட்டாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் புனிதம்தான் எழுதியிருப்பா. பிள்ளை சொன்னபடி எல்லாம் செய்திருக்கிறாள். நான் எழுதும்வரைக்கும் உங்களிடம் சொல்லாதே என்று கேட்டது நான். அவள் மூன்று பெயரையும் போடாமல் எழுதினது என் பிழை.

இனிச் சொல்லப்போவதற்கு என்னை ஏசாதீர்கள். நான் தெளிந்து பார்த்தபோது அவள் வாங்கில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். "பயந்திட்டியே பிள்ளை?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"மாமா, நான் விழேக்கையும் இப்பிடித்தானே இருப்பன்?" என்றாள்.

எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வீட்டிலை ஒருக்கா விழுந்து எழும்பேக்கை என்ரை கைக்குள்ளை வீட்டுப் பூட்டுத் திறப்பு இருந்தது. அம்மா தலைச்சுத்து எண்டவ. தலைச்சுத்துக்கு ஏன் மாமா திறப்பு?"

அக்கா, அப்பா விழும் நேரமெல்லாம் அம்மா அவர் கைக்குள் இரும்புத் திறப்பைத் திணித்ததை நானும் கண்டிருக்கிறேன்.

என் ஏப்ரல் கடிதத்தில் மேலே வெறும் தாள் என்று எழுதினீர்கள். உண்மைதான். அந்தப் பெயர்களுக்குக் கீழே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் உங்கள் மார்ச் கடிதத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன், எடுத்துப் பாருங்கள். சூசையப்பர் திருநாளன்று எழுதியது. சூசையப்பர் பெயரே இல்லை. கிளறா வெயிலில் தலை சுற்றி விழுந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாசி மாதத்தில் என்ன வெயில் அக்கா?

அதைக் கண்டுதான் அவளை அனுப்பச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றேன். உண்மையை எழுதியிருந்தால் நீங்கள் அனுப்பியிருக்க மாட்டீர்கள். அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், எங்களுக்கு யாரும் சொல்லாத மாதிரி. அவளைச் சைக்கிளில் ஏற்றினது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டுதான் அவளுக்குப் பின்னால் போனேன். என் டொக்டரிடம் கேட்டேன். பலேர்மோவில் உடனே காட்டச் சொன்னா, அதுவரைக்கும் ஓடவேண்டாம் என்றா. இப்போது இரண்டு பேரும் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பாதையில் நடக்கிறோம்.

மிச்சம் இருப்பது சுரங்கம். கிளறாவுக்கு அதை நடந்து கடக்க ஆசை. நீங்கள் சரி என்று எழுதினால்தான் போவோம்.

தம்பி,
அலோசியஸ்


யேசு மரி சூசை

பலேர்மோ
03.08.2024

அன்பு மகள் கிளறாவுக்கு அம்மா எழுதுவது. மாமாவும் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.

மேலே மூன்று பெயரையும் எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் வைக்காத கறியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இனி ஒளிக்க இடமில்லை.

உனக்கு வந்தது தலைச்சுற்று இல்லை. வெயிலும் இல்லை. வலிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு தரம், வீட்டில் ஒரு தரம். பள்ளிக்கூடத்தில் டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள், நான் தலையாட்டிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் விழுந்தபோது திறப்பை உன் கைக்குள் வைத்தது நான்தான். வைத்துவிட்டு உன் விரல்களை என் கையால் பொத்திக்கொண்டு இருந்தேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மாமா சொல்லித் தந்ததைப் பார்த்தால் திறப்பால் ஒரு பிரயோசனமும் இல்லையாம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நாளைக்கு உனக்கு ஒரு கலியாணம் பேசும்போது கோயில் வாசலில் நாலு பேர் குசுகுசுப்பார்கள் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், வாயால் சொன்னால் உண்மையாகிவிடும் என்பது. சொல்லாமல் விட்டபடியால்தான் அம்மப்பாவும் ஒருவரும் தடுக்காமல் அந்தத் தாம்போதியில் சைக்கிளில் போனார். தெரிந்திருந்தும் உனக்கு அதையேதான் செய்தேன். மாமாவைப் பொய்க்காரன் என்று ஏசினேன். அவன் அனுப்பிய என் கடிதம் மேசையில் கிடக்கிறது. தலைப்பைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்து, "ஏன் விமலா, இவ்வளவு நாளும் தனியக் கிடந்து பயந்தனீர்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். நீ வந்து இறங்குகிற கிழமையே டொக்டரிடம் போகிறோம்.

பயம் போகவில்லை, மகள். எழுதினால் போகும் என்று நினைத்தேன், இன்னும் கூடியிருக்கிறது. முந்தி பெயரில்லாத பயம், இப்போது பெயர் இருக்கிறது. அவ்வளவுதான்.

சுரங்கத்துக்குச் சரி. நடந்துதான் போக வேண்டும். மாமாவின் கையை விடாதே, அவனும் உன் கையை விடக் கூடாது. புனிதம் மாமி பின்னால் வரட்டும். விசில்கள் கழுத்தில் இருக்கட்டும். பதினெட்டாம் திகதி ஞாயிறு பூசைக்குப் பிறகு போங்கள், நான் வீட்டில் போனும் கையுமாக இருப்பேன். உள்ளே போன் வேலை செய்யாது என்று அப்பா சொல்கிறார். வெளியே வந்த உடனே எடு.

எடுத்ததும், நல்லாயிருக்கிறம் என்று தொடங்காதே. முதலில் அந்த மூன்று பெயரையும் சொல்லு. அதற்குப் பிறகு சுகமா இல்லையா என்று சொல்லு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா